600 ரூபாய்ச் சேலை, வாசலில் 701 ரூபாய்: காரைக்குடிக் கடை ஒன்றின் வி.பி.பி. கணக்கு

பழைய வாரப் பத்திரிகை விளம்பரங்களில் விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘தபால் செலவு தனி’. எவ்வளவு தனி என்று பெரும்பாலும் போட்டிருக்காது. அந்த ஒரு வரிக்குள் என்னென்ன செலவு ஒளிந்திருந்தது, அதை யார் சுமந்தார்கள் என்பதைக் காரைக்குடிக் கடை ஒன்றை வைத்துப் பார்க்கலாம். பார்சல் வாசலுக்கு வந்ததும் தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் முறைதான் வி.பி.பி. கடையும் ஆட்களும் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்ட மாதிரி. சேலையின் விலையும் எடையும், கட்டும் கூலியும் அப்படித்தான். தபால் கட்டணங்கள் அசல். 2001-க்குப் பிறகு பல ஆண்டுகள் நடப்பில் இருந்தவை.

நடந்தது

கடை கண்டாங்கிச் சேலைக் கடை. கட்டம் போட்ட, அகலக் கரை வைத்த, கையில் எடுத்தால் கனம் தெரிகிற பருத்திச் சேலை. ஒன்று 600 ரூபாய். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஜாம்ஷெட்பூரில் (டாட்டா நகரில்) குடியிருக்கும் தேவகோட்டைப் பெண் ஒருவர் 50 காசு கார்டில் எழுதுகிறார்: அரக்குச் சிவப்பில் ஒன்று, வி.பி.பி.யில் அனுப்பவும்.

கடைக்காரர் சேலையை மடித்து, அட்டை வைத்து, காடாத் துணியில் சுற்றித் தைத்து, தையல் மேல் அரக்கு முத்திரை வைத்துத் தபாலாபீசுக்குக் கொடுத்தனுப்புகிறார். பார்சல் திருச்சி, சென்னை என்று ரயில் மாறி ஜாம்ஷெட்பூர் போய்ச் சேர்கிறது. தபால்காரர் வந்த நேரம் பெண் வீட்டில் இல்லை. மாமியார் கையில் 650 ரூபாய் கொடுத்து வைத்திருந்தார். தபால்காரர் கேட்டது 701.

சாயங்காலம் வீட்டில் நடந்த பேச்சு:

“அறுநூறுன்னுதானே சொன்னே? எழுநூத்தி ஒண்ணு கேக்குறான். ஏமாத்து வேலைன்னு திருப்பி அனுப்பிட்டேன்.”

“தபால் செலவு தனின்னு போட்டிருந்துச்சு, அத்தை.”

“தனின்னா? நூறு ரூபாயா?”

கொஞ்ச நாள் கழித்துக் காரைக்குடியில்:

“அண்ணே, டாட்டா நகர் பார்சல் திரும்பி வந்திருச்சு.”

“என்னடா எழுதியிருக்கான்?”

“ரெப்யூஸ்டுன்னு போட்டிருக்குண்ணே.”

சேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவும் இல்லை. ஆனாலும் கடைக்காரர் கைக்காசு 67 ரூபாய் போய்விட்டது. பெண்ணுக்குச் சேலை கிடைக்கவில்லை. மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். ரேடியோவுக்கு ஆர்டர் கொடுத்தவருக்குச் செங்கல் வந்த கதை அன்று எல்லா ஊரிலும் உண்டு. காசைக் கொடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்கலாம் என்பது வி.பி.பி.யின் விதி. அந்த நிலையில், சொன்னதற்கு மேல் 101 ரூபாய் கேட்டால் யாரும் தயங்குவார்கள்.

அந்த 101 ரூபாய்

பார்சல் தபாலின் கட்டணம் எடையைப் பொறுத்தது. முதல் 500 கிராமுக்கு 19 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 500 கிராமுக்கும், அதில் ஒரு பகுதியே இருந்தாலும், 16 ரூபாய். சேலை 680 கிராம், கட்டுமானம் 90 கிராம், மொத்தம் 770. தராசுக்கு அது ஒரு கிலோதான்.

பார்சல் கட்டணம்: 35
ரிஜிஸ்தர் கட்டணம்: 17
வி.பி. கட்டணம்: 5
துணி, நூல், அரக்கு, கூலி: 10

இந்த 67 ரூபாயைக் கடைக்காரர் முன்கூட்டியே கையிலிருந்து போடுகிறார். பிறகு படிவத்தில், தனக்கு வந்துசேர வேண்டிய தொகை 667 என்று எழுதுகிறார். அவர் எழுதாத ஒரு செலவும் இருக்கிறது. வாசலில் வாங்கும் பணம் காரைக்குடிக்கு மணியார்டராக வர வேண்டும். மணியார்டர் கமிஷன் 20 ரூபாய்க்கு, அல்லது அதன் பகுதிக்கு, 1 ரூபாய். 667-க்கு 34. அதையும் வாங்குகிறவர் தலையில்தான் வைப்பார்கள். 667-உம் 34-உம் சேர்ந்து 701.

சேலை காரைக்குடியிலிருந்து ஜாம்ஷெட்பூர் போக 35 ரூபாய். அதற்கான பணம் ஜாம்ஷெட்பூரிலிருந்து காரைக்குடி வர 34 ரூபாய். ‘தபால் செலவு’ என்றதும் மூட்டையும் தராசும்தான் நம் கண்ணுக்குத் தெரியும். பணத்தின் பயணச் செலவு யார் நினைவுக்கும் வருவதில்லை. விலை ஏற ஏற இது இன்னும் கோணலாகும். அதே எடையில் 2,000 ரூபாய்ச் சேலை என்றால், அனுப்புகிற செலவு அதே 67, எழுத வேண்டிய தொகை 2,067, கமிஷன் 104. பார்சல் கட்டணத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எடை கூடாமலே ‘தபால் செலவு’ 171 ஆகிவிட்டது.

கீழ்க்கோடியில் கதை நேர் எதிர். செட்டிநாட்டுப் பலகாரமான மனகோலம் அரைக் கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டப்பாவோடு 650 கிராம். பார்சல், ரிஜிஸ்தர், வி.பி., கட்டுமானம் எல்லாம் அதே 67. எழுத வேண்டியது 127, கமிஷன் 7. வாசலில் 134 ரூபாய். பலகாரத்தைவிட அது வந்த செலவு 14 ரூபாய் அதிகம். செட்டிநாட்டுப் பலகாரத்துக்கு வெளியூரில் எவ்வளவு ஆசை இருந்தாலும் அது வி.பி.பி.யில் அதிகம் போகாமல், ஊருக்கு வந்து திரும்பும் சொந்தக்காரர்களின் தூக்குவாளியிலும் பெட்டியிலும் போனதற்கு இந்தக் கணக்கே போதும். முறுக்கு நொறுங்கும் என்பது அதற்கு அடுத்த காரணம்.

அந்த 17 ரூபாயைத் தவிர்க்க வழியில்லை. வி.பி.யில் போகிற பார்சல் ரிஜிஸ்தர் ஆகியே தீர வேண்டியிருந்தது. (அந்த ரிஜிஸ்தர் தபாலே 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது.)

முன்பணம் ஏன் எடுபடவில்லை

இதற்குக் கடைக்காரர்கள் எல்லாரும் சொன்ன மருந்து ஒன்றுதான்: முழுப் பணத்தையும் முன்னாலேயே மணியார்டரில் அனுப்புங்கள். வாங்குகிறவர் பக்கம் நின்று இதைப் பார்த்தால் அது மருந்தே இல்லை. முன்பணம் அனுப்பினால் வி.பி. கட்டணம் 5 ரூபாய் மிச்சம். அனுப்ப வேண்டியது 662. அதற்கும் மணியார்டர் கமிஷன் 34. ஆக மொத்தம் 696. மிச்சமான ஐந்து ரூபாய்க்காக, முகம் தெரியாத ஒரு கடையை நம்பி 662 ரூபாயை முதலில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எந்தக் குடும்பத் தலைவி சம்மதிப்பார்?

கடைக்காரருக்கோ அந்த முன்பணம்தான் உயிர்நாடி. வி.பி.பி.யில் அனுப்பி மறுக்கப்பட்டால் அவருக்கு 67 ரூபாய் நஷ்டம். ஒரு சேலைக்கு 100 ரூபாய் லாபம் வைத்து விற்கிறார் என்றால், ஒரு மறுப்பு ஒரு விற்பனையின் லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடும். சரக்கு வழியிலேயே கிடந்து முதல் முடங்குவது தனி. ஆள் வீட்டில் இல்லாமல் போனால் பார்சல் அங்கே தபாலாபீசில் ஏழு நாள் காத்திருக்கும். அந்த ஏழு நாளும் கடைக்காரரின் பணம்தான் காத்திருக்கிறது.

ஆகவே இருவருக்கும் நடுவில் பேரம் கட்டணத்தைப் பற்றியது அல்ல. சந்தேகத்தின் செலவை யார் ஏற்பது என்பதுதான். அஞ்சல் துறை அந்தச் சந்தேகத்துக்கு 5 ரூபாய் விலை வைத்தது. உண்மையில் அதன் விலை இன்னும் அதிகம். மீதியைக் கடைக்காரர் கொடுத்தார். கால் பங்கு முன்பணம், மீதி வி.பி.பி. என்று சில வியாபாரிகள் கேட்டதன் நியாயம் இதுதான். கால் பங்கு என்றால் இங்கே 150 ரூபாய். வாங்குகிறவர் மறுத்தாலும் 67 ரூபாய்ச் செலவு அதில் அடங்கிவிடும். அதைவிட முக்கியம், 150 கொடுத்தவர் லேசில் மறுக்க மாட்டார்.

சட்டம் யார் பக்கம்

வி.பி.பி. இந்தியாவில் 1877-இல் வந்தது. அதை விரிவாக வரையறுத்தது 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம். 2024 ஜூன் 18 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அதுதான் ஆதாரம். உண்மையான ஆர்டர் வந்த பேரில்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புகிறவர் உறுதி சொல்ல வேண்டும் என்று விதிக்க அதில் இடம் இருந்தது. கேட்காதவர் வீட்டுக்குச் சரக்கை அனுப்பிக் காசு பார்க்கும் தந்திரத்துக்கு அது தடை. ஜாம்ஷெட்பூர்ப் பெண் எழுதிய கார்டைக் கடைக்காரர் கோணூசிக் கம்பியில் குத்தி வைத்திருந்ததும் அதற்காகத்தான். வாங்கியவர் புகார் செய்து, மோசடி என்று தெரிந்தால், கட்டிய பணத்தை அனுப்பியவருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்து வாங்கியவருக்கே திருப்பித் தரவும் அந்தச் சட்டம் வழி வைத்திருந்தது. செங்கல் வந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்!

பணத்தை வாங்கும்போது தபால்காரர் யாருடைய ஆள் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ரத்லத்தைச் சேர்ந்த வாசனைப் பொருள் நிறுவனம் ஒன்றின் வருமான வரி வழக்கு, 1959-இல் தீர்ப்பு. வி.பி.பி.யில் விலையை வசூலிக்கும் அஞ்சலகம் விற்றவரின் முகவர் என்றார்கள். பணம் கொடுத்தால்தான் சரக்கு கைமாறும் என்பதால், அதுவரை சரக்கு விற்றவருடையது. வரிக்காக எழுந்த கேள்விதான். நம் கடைக்காரருக்கும் அது பொருந்துகிறது. ஜாம்ஷெட்பூர் வாசலில் நின்ற அந்த நிமிஷம் வரை சேலை காரைக்குடிக்காரருடையதே. மறுப்பின் நஷ்டத்தை அவர் சுமந்தது வியாபார வழக்கம் மட்டுமல்ல, சட்டப்படியும் அவருடையதுதான்.

தூரத்துக்குக் காசில்லை

அமெரிக்காவில் 1913 ஜனவரி 1 அன்று பார்சல் தபால் தொடங்கியபோது நாட்டை எட்டு மண்டலங்களாகப் பிரித்தார்கள். எவ்வளவு தூரமோ அவ்வளவு கட்டணம். முதலில் 11 பவுண்டு வரைதான் அனுமதி. வாசலில் பணம் வாங்கும் வசதி அதே ஆண்டு ஜூலையில் வந்தது. இந்தியாவுக்கு 36 ஆண்டு பின்னால்! அங்கே பெரிய கடைகளின் விலைப்புத்தகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அனுப்பும் எடையைப் போட்டிருப்பார்கள். வாங்குகிறவர் தம் ஊர் எந்த மண்டலம் என்று அட்டவணையில் பார்த்து, எடைகளைக் கூட்டி, தபால் செலவைத் தாமே கணக்குப் போட்டு விலையோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.

நம் பார்சல் தபாலில் அன்று அந்தத் தலைவலி இல்லை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கும் 35 ரூபாய், ஜாம்ஷெட்பூருக்கும் 35 ரூபாய். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல: 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா தனியாகப் பிரிக்கப்படும்வரை ரங்கூன் கடையிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதத்திலும் ஒட்டியது இந்தியத் தபால்தலைதான்.

தூரம் கணக்கில் இல்லை, சேலையின் எடை தெரியும், கமிஷன் விகிதம் தெரியும். அப்படியானால் ‘வாசலில் 701 ரூபாய்’ என்று விளம்பரத்திலேயே அச்சடித்திருக்கலாம். அமெரிக்கக் கடைக்காரரால் முடியாதது காரைக்குடிக் கடைக்காரரால் முடியும். அவர் ஏன் செய்யவில்லை? கட்டணம் எப்போது ஏறும் என்று தெரியாது என்பார். பாதி உண்மை. 701 என்று போட்டால் பக்கத்து விளம்பரத்தில் 600 போட்டவரிடம் ஆள் போய்விடும் என்பது மீதி. ‘தபால் செலவு இனாம்’ என்று போட்டவர்களும் வி.பி.பி.யில் அனுப்பியபோது வாசலில் கமிஷன் கேட்கப்பட்டது. இனாம் என்று நம்பி எண்ணி வைத்திருந்த காசு அங்கேயும் போதாமல் போகும். என் கணிப்பில், மறுப்புகளில் கணிசமானவை ஏமாற்றத்தால் வந்தவை அல்ல. சில்லறை போதாமல் வந்தவை.

ரயிலில் போனவை

சேலைக் கடைக்காரர் எட்டிப் பார்க்க வேண்டிய இன்னொரு வழி ரயில். பார்சல் தபாலுக்கு அன்று 20 கிலோ உச்சவரம்பு. கல்யாணச் சீருக்கான பித்தளை, எவர்சில்வர்ச் சாமான் எல்லாம் அதில் அடங்காது. ஸ்டேஷனில் புக் செய்து, கூலியை இங்கேயே கட்டினால் ‘பெய்டு’, இறக்குகிறவர் கட்டினால் ‘டூ பே’. ரயில்வே ரசீதை வைத்திருப்பவர்தான் சரக்கை எடுக்க முடியும். ஆகவே அந்த ரசீதை மட்டும் உறையில் போட்டு வி.பி.யில் அனுப்பலாம், அஞ்சல் விதி அதற்கு இடம் கொடுத்தது. பணத்தைக் கட்டி ரசீதை வாங்கு, ரசீதைக் காட்டிச் சரக்கை எடு. எடைக் கட்டணம் ரயிலுக்குப் போய்விடும். ஆனால் பணம் திரும்பிவர அதே இருபதுக்கு ஒன்று; அதில் ஒரு காசும் குறையாது.

ஒற்றைச் சேலைக்கு ரயில் தோதுப்படாது. ஆத்தங்குடித் தரைக் கல்லுக்கும் அது அவ்வளவு தோதில்லை. ஏற்றி இறக்கும் ஒவ்வொரு கையிலும் மூலை உடையும். அகலப்பாதை வரும்வரை காரைக்குடித் தடம் மீட்டர் கேஜ் என்பதால், வடக்கே போகிற சரக்கை வழியில் வண்டி மாற்ற வேண்டும். அங்கே இன்னொரு முறை கை மாறும்.

பனை ஓலைக் கூடையான கொட்டானின் கதை வேறு. எடை கொஞ்சம், இடம் நிறைய. எடையை மட்டும் பார்த்த பார்சல் தபாலில் அது மலிவாகப் போயிற்று. இன்றைய கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து, வருகிற கிலோவையும் அசல் எடையையும் ஒப்பிட்டு எது கூடவோ அதற்குப் பணம் கேட்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 சென்டிமீட்டரான பெட்டியில் அரைக் கிலோ கொட்டான் வைத்தால், 27,000-ஐ 5,000-ஆல் வகுத்து 5.4 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும்.

கடை செய்த மாற்றம்

திரும்பிவந்த பார்சலுக்குப் பிறகு நம் கடைக்காரர் மூன்று காரியம் செய்கிறார்.

ஆர்டர் வந்ததும் 50 காசு கார்டில் பதில் போடுகிறார்: “இன்ன தேதியில் அனுப்புகிறோம். தபால்காரரிடம் ரூ. 701 கொடுக்கவும். வீட்டில் சொல்லி வைக்கவும்.” கடைசி வாக்கியம்தான் சாமர்த்தியம். 67 ரூபாய் நஷ்டத்துக்கு இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

இரண்டாவது, இரண்டு சேலையாக வாங்கச் சொல்கிறார். அட்டையை எடுத்துவிட்டுக் கட்டினால் இரண்டும் சேர்ந்து 1,480 கிராம். மூன்று அரைக் கிலோவுக்கான கட்டணம், 51 ரூபாய். அட்டை வைத்தால் 1,500-ஐத் தாண்டி இன்னொரு 16 ரூபாய். அட்டை போயிற்று. பார்சல் 51, ரிஜிஸ்தர் 17, வி.பி. 5, கட்டுமானம் 10, ஆக 83. எழுதும் தொகை 1,283, கமிஷன் 65. மேல்செலவு மொத்தம் 148, சேலைக்கு 74. ஒற்றையாக வாங்கினால் 101. அக்கா தங்கை சேர்ந்து வாங்குகிற வீடுகளுக்கு இது நன்றாகவே எடுபட்டது. சேலை மடிப்புக் கசங்கியிருந்தது என்று ஒன்றிரண்டு கடிதம் வந்தது, பொறுத்துக்கொண்டார்.

மூன்றாவது மாற்றம் சற்றுத் தாமதமாக வந்தது. 2005 நவம்பரில் நெஃப்ட் தொடங்கியது. வெளியூர்க் கிளையில் கட்டிய பணம் கடைக்காரர் கணக்கில் விழும் வசதி ஊர் ஊராகப் பரவியது. கமிஷன் 34-உம் வி.பி. 5-உம் இல்லாமல் போய், பார்சல் 35, ரிஜிஸ்தர் 17, கட்டுமானம் 10 மட்டும் நின்றன. வங்கிக் கட்டணத்தைச் சேர்க்காமல் பார்த்தால் வாங்குகிறவருக்கு 39 ரூபாய் மிச்சம். முன்பு முன்பணத்துக்குக் கிடைத்த ஐந்து ரூபாய் அல்ல. முன்னால் பணம் கட்ட அப்போதுதான் ஆட்கள் முன்வந்தார்கள். கணக்கில்லாதவர்களும், கண்ணால் பார்சலைப் பார்க்காமல் காசை அவிழ்க்காத ஆச்சிகளும் தபால்காரரையே நம்பினார்கள். அவர்களையும் விட மனமில்லாமல் கடைக்காரர் விலைச்சீட்டை மாற்றி அச்சடித்தார்: ‘கண்டாங்கி ஒன்று. வங்கியில் கட்டினால் ரூ. 662. வி.பி.பி. என்றால் வாசலில் ரூ. 701.’